லுவார் நதிக்கரையில் பத்து நாள் சைக்கிள்

(நம் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், காலை அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



நம் செயலாளர் போன மாதம் போன் பண்ணினார். "பிரான்ஸ் போய்ட்டு வந்தீங்களாமே, ஒரு இருபது நிமிஷம் பேசுங்க. ஆனா ஈஃபில் டவர் மட்டும் வேண்டாம், முக்கால்வாசிப் பேர் பாத்தாச்சு" என்றார். நல்ல வேளை, நான் ஈஃபில் டவர் பக்கமே போகவில்லை. நானும் என் மனைவியும் 2023 ஜூன் மாதத்தில் பத்து நாள் சைக்கிள் ஓட்டினோம். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

சைக்கிள் என்றதும் முன்வரிசையில் ரெண்டு பேர் சிரிக்கிறார்கள். எனக்குக் காரணம் தெரியும். 1978இல் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே போன எங்கள் செட்டில், மணிக்கணக்குக்கு வாடகை சைக்கிள் எடுக்காத ஆள் கிடையாது. டைனமோ எரியாமல் டபுள்ஸ் போய் போலீஸ்காரரிடம் மாட்டாத ஆளும் கிடையாது. அப்புறம் ஸ்கூட்டர் வந்தது, கார் வந்தது. கடைசியில் சர்க்கரையும் பிரஷரும் வந்தன. எனக்கு 2019இல் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதற்கப்புறம் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: "இனிமே ஜாக்கிரதையா, பேசாம உக்காந்திருங்க." டாக்டர் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. "உக்காராதீங்க, தினமும் உடம்பை அசைங்க" என்றார். ட்ரெட்மில் பரிசோதனை எல்லாம் செய்து பார்த்துவிட்டு, சைக்கிள் ஓட்டலாம் என்று அவரே அனுமதி கொடுத்தார். ஆறு மாதம் விடியற்காலையில் வாய்க்கால் கரையில் ஓட்டினேன். ஐந்து கிலோமீட்டரில் ஆரம்பித்தது நாற்பதுக்கு வந்தது. அந்த நேரத்தில்தான் பிரான்சில் நான்த் நகரத்தில் வேலை பார்க்கும் எங்கள் மகள், "அப்பா, இங்க ஆத்தங்கரையோரமே சைக்கிள் பாதை இருக்கு, வாங்க" என்று எழுதினாள்.

அந்த ஆறுதான் லுவார். பிரான்சின் மிக நீளமான நதி, ஏறத்தாழ ஆயிரம் கி.மீ. ஓடி அட்லாண்டிக்கில் கலக்கிறது. அதன் கரையோரமாகவும் பக்கத்துக் கிராமங்கள் வழியாகவும் சுமார் 900 கி.மீ.க்கு ஒரு சைக்கிள் வழி போட்டிருக்கிறார்கள். அட்லாண்டிக் கடலிலிருந்து கருங்கடல் வரை ஐரோப்பாவைக் குறுக்கே கடக்கும் நீண்ட சைக்கிள் வழியில் அதுவும் ஒரு பகுதி. நாங்கள் ஓட்டியது அதில் நடுத்துண்டு மட்டும்: சோமூரிலிருந்து ஓர்லியான் வரை. அங்கங்கே கிளை வழியில் போய் வந்ததையும் சேர்த்தால் முந்நூறு கி.மீ. இருக்கும். ஒரு நாளைக்கு முப்பது முப்பத்தைந்துக்கு மேல் போகவில்லை.

எந்தத் திசையில் ஓட்டுவது என்பதே முதல் கேள்வி. பொதுவாக எல்லோரும் ஆற்றோடு இறங்கத்தான் நினைப்பார்கள். ஆனால் அங்கே பெரும்பாலும் காற்று மேற்கே கடலிலிருந்து கிழக்கு நோக்கி அடிக்கிறது. பழைய காலத்தில் உப்பும் சரக்கும் ஏற்றிய தட்டைப் படகுகள் இந்தக் காற்றைப் பெரிய பாயில் வாங்கித்தான் நீரோட்டத்துக்கு எதிராக மேலேறிப் போயிருக்கின்றன. படகுக்காரனுக்குத் தெரிந்தது நமக்கும் நல்லதுதானே? சோமூருக்கு ரயிலில் போய் இறங்கி, முதுகில் காற்றை வாங்கிக்கொண்டு கிழக்கே ஓட்டினோம். ஆற்றை எதிர்த்துப் போகிறோம் என்றாலும் ஏற்றம் காலுக்குத் தெரியவே இல்லை, அவ்வளவு சமதளம். என் மனைவி எடுத்தது மின்மோட்டார் துணை செய்யும் சைக்கிள். நான் சாதா சைக்கிள். யார் முன்னால் போனார் என்று நீங்கள் கேட்கக் கூடாது, நான் சொல்லவும் மாட்டேன்.

இந்தப் பயணத்தில் எனக்குப் பளிச்சென்று புரிந்த ஒன்றைச் சொல்கிறேன். அந்த ஆற்றங்கரையில் பத்து, பதினைந்து, இருபது கி.மீ.க்கு ஒரு கோட்டை, ஒரு மாளிகை, ஒரு மடம் வருகிறது. ஏன் இப்படி வரிசையாக இருக்கிறது? பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் பிரெஞ்சு ராஜாக்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஆளவில்லை. அரசவையே ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. ராஜா, ராணி, மந்திரி, சமையல்காரர், கட்டில், திரைச்சீலை எல்லாமே குதிரையிலும் வண்டியிலும் படகிலும் போகும். பிரெஞ்சில் மரச்சாமானுக்கு உள்ள சொல்லின் பொருளே "நகர்த்தக் கூடியது" என்பதுதான். ஆக அந்த நாட்டின் தூரங்கள் குதிரைக்கும் படகுக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. காரில் போனால் அந்தச் சட்டை பொருந்துவதில்லை. ஒரே நாளில் நாலு மாளிகை பார்த்துவிட்டு, ராத்திரி போட்டோவைப் பார்த்து எது எது என்று சண்டை போட வேண்டியதுதான். சைக்கிளில் போனால் ஒரு நாளைக்கு ஒன்று. மாளிகையை விட்டுக் கிளம்பி, அதையே நினைத்துக்கொண்டு கோதுமை வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் கடந்து அடுத்த ஊர் போய்ச் சேரும்போது, மனசு அடுத்ததுக்குத் தயாராக இருக்கும்.

இனி வழியில் பார்த்ததில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

சோமூரைச் சுற்றி வீடு, தேவாலயம், கோட்டை எல்லாம் ஒரே வெளிர் நிறத்தில் இருக்கும். அங்கே வெட்டியெடுக்கும் மெத்தென்ற சுண்ணாம்புக்கல் அது. மலைச்சரிவைக் குடைந்து கல்லை எடுத்துக் கட்டடம் கட்டினார்கள். எடுத்த இடத்தில் உண்டான குகையையும் வீணாக்கவில்லை. சிலதில் குடியிருக்கிறார்கள், சிலதில் ஒயின் வைக்கிறார்கள், சிலதில் காளான் வளர்க்கிறார்கள். அப்படி ஒரு குகைச் சாப்பாட்டுக் கடையில், விறகடுப்பில் சுட்ட "ஃபுவே" என்ற சின்ன ரொட்டி கொடுத்தார்கள். நம்ம பூரி மாதிரியே உப்பி வருகிறது. அதைப் பிளந்து உள்ளே வெள்ளை அவரைக்கொட்டையும் ஆட்டுப்பால் சீஸும் வைத்துச் சாப்பிட வேண்டும். சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

சோமூரிலிருந்து ஆற்றோரமாகப் போய், சின்ன ஏற்றம் ஏறினால் ஃபோன்தெவ்ரோ மடம். 1101இல் தொடங்கியது. அங்கே துறவிகளான ஆண்களும் பெண்களும் தனித்தனியே வாழ்ந்தார்கள், எல்லோருக்கும் தலைமை ஒரு பெண் துறவி. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி, அவர் ராணி எலினோர், மகன் சிங்கநெஞ்சன் ரிச்சர்ட் ஆகியோரின் படுத்த நிலைச் சிலைகள் அங்கே இருக்கின்றன. ஹென்றி படுத்திருக்கிறார். எலினோர் படுத்தபடியே கையில் புத்தகம் பிரித்துப் படித்துக்கொண்டிருக்கிறாள்! எண்ணூறு வருஷமாக இன்னும் படித்து முடிக்கவில்லை. என் மனைவி அந்தச் சிலையிடமிருந்து நகரவே இல்லை. பிரெஞ்சுப் புரட்சியில் மடம் கலைக்கப்பட்டது. நெப்போலியன் 1804இல் அதைச் சிறைச்சாலை ஆக்கினான். 1963 வரை அது சிறைதான். பிரார்த்தனைக் கூடம், அப்புறம் சிறைக்கூடம், இப்போது காட்சிக்கூடம். ஒரே சுவருக்குள் எத்தனை பிறவி பாருங்கள்!

வியென் நதி லுவாரோடு கலக்கும் கான்த் கிராமத்தைக் கடந்து, கரையின் மேலேயே வெகுதூரம் போனோம். கரை என்றால் ஆற்றுக்கும் ஊருக்கும் நடுவே உயர்த்திக் கட்டிய மண் அணை. பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே இதைக் கட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். காவிரிக் கரையில் பிறந்த எனக்கு, ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் தாழ்ந்த வயல் என்று பார்த்ததும் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. ஆனால் லுவார் பார்க்கிற மாதிரி சாது இல்லை. 1846, 1856, 1866 என்று பத்துப் பத்து வருஷ இடைவெளியில் மூன்று பெருவெள்ளம். கரை பல இடங்களில் உடைந்தது. நாங்கள் தங்கிய ஒரு வீட்டில் எழுபத்தைந்து வயது அம்மா ஒருவர் தனியாக இருந்தார். பிள்ளைகள் பாரிசில். ரெண்டு அறையை சைக்கிள்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறார். வாசல் சுவரில் என் தோளுக்கு மேலே ஒரு கோடும் "1856" என்ற எண்ணும் செதுக்கியிருந்தன. மகள் எங்களோடு வந்திருந்த நாள் அது, அவள்தான் மொழிபெயர்த்தாள். "தண்ணி மறந்துடாதுங்க, மனுஷன்தான் மறந்துடுவான். அதனாலதான் கோடு" என்றார் அந்த அம்மா.

அவர் ஊரில் பள்ளிக்கூடம் மூடி வருஷங்கள் ஆகின்றன. ரொட்டிக்கடையும் மூடுவதாக இருந்ததாம். கோடையில் சைக்கிளில் வருகிறவர்கள் வாங்குவதால் ஓடிக்கொண்டிருக்கிறது என்றார். அந்தக் கிராமத்து அமைதியை ரசிக்கிற நாம் ஒன்றை மறக்கக் கூடாது. பாதி அமைதி, ஆட்கள் போய்விட்டதால் வந்தது. சைக்கிள் பாதை அங்கே நாலு அறைக்கு வாடகையும் ஒரு கடைக்கு வியாபாரமும் தருகிறது.

வில்லாந்த்ரி என்ற இடத்தில் காய்கறித் தோட்டத்தையே கோலம் போட்ட மாதிரி வைத்திருக்கிறார்கள். முட்டைக்கோஸ் நீலப்பச்சை, பீட்ரூட் இலை சிவப்பு என்று கட்டம் கட்டமாக நிறம். ஸ்பெயினிலிருந்து வந்த கர்வாயோ என்ற மருத்துவ ஆராய்ச்சியாளர் 1906இல் மாளிகையை வாங்கி, அழிந்துபோன பழைய பாணித் தோட்டத்தை மறுபடி உண்டாக்கியிருக்கிறார்.

தூர் நகரத்தைத் தாண்டி அம்புவாஸ். இங்கேதான் லியோனார்டோ டாவின்சி தன் கடைசி மூன்று வருஷத்தைக் கழித்தார். 1516இல் அறுபத்து நாலு வயதில், இத்தாலியிலிருந்து ராஜா பிரான்சுவாவின் அழைப்பில் வந்தார். நம் வயசுதான் பாருங்கள், அந்த வயசில் நாடு விட்டு நாடு! 1519 மே 2ஆம் தேதி அங்கேயே காலமானார். கோட்டைக்குள் உள்ள சின்ன ஆலயத்தில் கல்லறை இருக்கிறது. அதே கோட்டையில்தான் 1498இல் எட்டாம் சார்ல்ஸ் மன்னர், பந்தாட்டம் பார்க்கப் போகிற அவசரத்தில் தாழ்ந்த நிலைவாசலில் தலையை இடித்துக்கொண்டு, சில மணி நேரத்தில் இறந்தார். வயசு இருபத்தேழு. இத்தாலி வரைக்கும் படையெடுத்தவரை வீட்டு வாசற்படி வீழ்த்திவிட்டது.

அங்கிருந்து சுமார் பதிமூன்று கி.மீ.யில், ஷேர் என்ற கிளை நதியின் மேல் நிற்கிறது ஷெனோன்சோ மாளிகை. நதிக்கு மேல் பாலம், பாலத்தின் மேல் நீண்ட கூடம். முதல் உலகப்போரில் அந்தக் கூடம் ஆஸ்பத்திரியாக இருந்தது. இரண்டாம் போரில் 1940இல் பிரான்ஸ் தோற்றபோது, ஜெர்மானியர் பிடித்த பகுதிக்கும் பிடிக்காத பகுதிக்கும் எல்லைக்கோடு அந்த நதியாகவே அமைந்தது. மாளிகையின் முன்வாசல் ஆக்கிரமிப்பில், கூடத்தின் தெற்கு வாசல் எதிர்க்கரையில். அந்தக் கூடத்தின் வழியாகப் பலர் தப்பிப் போயிருக்கிறார்கள். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அந்தத் தரையில் நான் நடந்த நேரத்தில், சுற்றுலாப் பிள்ளைகள் ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்கள். முனையிலிருக்கும் அந்தக் கதவு சாதாரணக் கதவுதான். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

புளுவாவில் 1588 டிசம்பரில் ராஜா மூன்றாம் ஹென்றி, தன் எதிரியான கீஸ் பிரபுவை அரண்மனைக்கு வரவழைத்துக் கொலை செய்வித்தார். அங்கிருந்து காட்டு வழியில் ஷாம்போர். 1519இல் பிரான்சுவா கட்ட ஆரம்பித்தது. சுற்று மதில் மட்டும் 32 கி.மீ. நீளம், உள்ளே ஏறக்குறைய பாரிஸ் நகரத்தின் பரப்பளவு காடு. நடுவே ஒன்றையொன்று பின்னிச் சுழலும் இரட்டைப் படிக்கட்டு. ஒருவர் ஏறலாம், ஒருவர் இறங்கலாம், இருவரும் படியில் சந்திக்க மாட்டார்கள். இத்தனையும் கட்டிய ராஜா, தன் ஆட்சிக் காலம் முழுவதிலும் அங்கே தங்கியது மொத்தம் எழுபத்து சொச்சம் நாள்! 1939இல் போர் வரப்போகிறது என்று தெரிந்ததும், பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தின் படங்களை லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். மோனாலிசாவும் வந்தாள். வரைந்தவர் கடைசியாக வாழ்ந்த ஊருக்குப் பக்கத்திலேயே படமும் அடைக்கலம் தேடியிருக்கிறது.

கடைசியாக ஓர்லியான். 1429 மே 8ஆம் தேதி ஆங்கிலேயர் முற்றுகை விலகிய ஊர். பதினேழு வயது மதிக்கத்தக்க விவசாயி மகள் ஜோன் அந்தப் படையோடு இருந்தாள். அங்கே சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தோம்.

நண்பர்களே, இதுவரை சொன்னது பார்த்தது. இப்போது சொல்ல வந்ததுக்கு வருகிறேன். அந்தப் பத்து நாளில் எங்கள் காதருகே ஹாரன் சத்தம் கேட்டது எத்தனை தடவை தெரியுமா? நினைவுக்கு வந்த வரை ஒரு தடவைகூட இல்லை. இந்த அமைதி கடவுள் கொடுத்ததா? இல்லை. யாரோ உட்கார்ந்து முடிவு செய்தது.

1936இல் பிரான்சில் தொழிலாளிகளுக்குச் சம்பளத்தோடு இரண்டு வாரம் விடுமுறை என்று சட்டம் வந்தது. அந்தக் கோடையிலேயே குடும்பம் குடும்பமாக சைக்கிளில் கிராமங்களுக்குக் கிளம்பினார்கள். அப்போதிருந்து சைக்கிள் அங்கே ஏழையின் வண்டி மட்டுமல்ல, விடுமுறையின் வண்டி. 1980களில் லுவாரின் மேல்பகுதியில் பெரிய அணைகள் கட்டத் திட்டம் போட்டார்கள். மக்கள் எதிர்த்தார்கள். 1989இலிருந்து வருஷக்கணக்காக அணை கட்டவிருந்த இடத்திலேயே கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். 1994இல் அரசாங்கம் அந்த அணையைக் கைவிட்டது. ஆற்றுக்கு நடுவே மணல் திட்டும், திட்டில் முட்டையிடும் ஆலாப் பறவையும் இன்றைக்கும் இருப்பதில் அவர்களுக்குப் பங்கு உண்டு. அதற்கப்புறம் ஆற்றோர மாநில நிர்வாகங்கள் சேர்ந்து சைக்கிள் வழியைத் திட்டமிட்டு, 2012இல் முழுமையாக்கின. புதிதாக வெகு கொஞ்சமே கட்டினார்கள். கரை மேல் இருந்த பாதை, வயல் பாதை, குடியிருப்பவர்கள் தவிர கார் வரக்கூடாது என்று பலகை வைத்த ஊர்ச்சாலை, இவற்றைக் கோர்த்தார்கள், அவ்வளவுதான். ஊருக்கு வெளியே சைக்கிளைத் தாண்டும் கார் ஒன்றரை மீட்டர் இடம் விட வேண்டும் என்பது சட்டம். விட்டார்கள் என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

போக நினைப்பவர்களுக்கு நாலு வார்த்தை. மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். விசாவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம், நம் வயசில் அதை நுணுக்கமாகப் படித்து எடுங்கள். வலதுபுறம் ஓட்ட வேண்டும், முதல் நாள் ரவுண்டானாவில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். பெட்டியை ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்குக் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். கிராமத்துக் கடைகள் மதியம் மூடிவிடும், பல கடைகள் திங்கட்கிழமையும். பன்னிரண்டு மணிக்குள் ரொட்டி வாங்கிவிடுங்கள். தண்ணீர் தீர்ந்தால் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள், வாசலருகே குழாய் இருக்கும். இதைக் கேட்டு என் மனைவி முதலில் முகம் சுளித்தாள். மூன்றாம் நாள் அவளே "அதோ கல்லறை!" என்று சந்தோஷமாகக் கத்தினாள்.

பிரான்ஸ் போக முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். வாய்க்கால் கரை இங்கேயும் இருக்கிறது. டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். போன சந்திப்புக்கு வந்தவர்களில் மூன்று பேர் இன்று இல்லை. "பேரன் ஸ்கூல் முடிக்கட்டும், முட்டி வலி சரியாகட்டும்" என்று தள்ளிப்போடுகிறவர்களுக்கு இதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு கோரிக்கை, தீர்மானமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். நம் காலத்தில் நூற்றுக்கணக்கான சைக்கிள் நின்ற ஸ்டாண்ட் இன்றைக்குக் கார் நிறுத்துமிடம். உள்ளே வரும்போது பார்த்தேன், பிள்ளைகள் காருக்கும் பைக்குக்கும் ஒதுங்கி ஒதுங்கி நடக்கிறார்கள். கார்களை வாசலோடு நிறுத்தும்படி நிர்வாகத்தைச் சங்கம் கேட்டுக்கொள்ள வேண்டும். விடுதி மாணவர்கள் எடுத்து ஓட்ட, முதல் தவணையாக இருபது சைக்கிள் வாங்கிக் கொடுப்போம். நம் கல்லூரிக்கு அணையும் வேண்டாம், ராஜாவும் வேண்டாம், ஒரு பலகை போதும். முதல் ரெண்டு சைக்கிள் எங்கள் குடும்பத்தின் சார்பில். ஒன்று என் மனைவியின் பணம், அதையும் சொல்லச் சொல்லியிருக்கிறாள்.